மலைக்காரனுக்குக் கப்பல் அருங்காட்சியகம் எதற்கு?

அக்டோபர் 31, நீலகிரி அரவங்காட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

அண்ணா, மகளுக்குப் பேறுகாலம். ஜனவரியில் நானும் வீட்டம்மாவும் இங்கிலாந்து போகிறோம், பிரிஸ்டல் ஊரில் மூன்று மாதம். மருமகன் ஊர் சுற்றப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். பழைய கப்பலும் பழைய கிரேனும் வைத்திருக்கும் துறைமுக அருங்காட்சியகம்தான் அதில் முதலில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க வேண்டுமாம். நான் கடலையே நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு தடவை திருச்செந்தூர். துருப்பிடித்த இரும்பைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது? நீங்கள் போன வருடம் போய் வந்தீர்கள் அல்லவா. உள்ளதைச் சொல்லுங்கள்.

நவம்பர் 2, இரவு 9.40

போங்கள். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் போங்கள்.

எனக்கும் முதலில் உங்கள் எண்ணம்தான். மகள் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, "அப்பா, இதற்குப் பெயர் எம் ஷெட்" என்றாள். குன்னூர் லோகோ ஷெட்டில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவனைக் கடல் கடந்து கூட்டிப்போய் இன்னொரு ஷெட்டில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? உள்ளே நுழையக் காசு கிடையாது என்றதும் கொஞ்சம் சமாதானமானேன்.

ஆனால் நான் உள்ளே போகவே இல்லை. வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஓரம் நாலு மின்சார கிரேன்கள், தண்டவாளத்தின் மேல் நாலு கால் பரப்பி நிற்கின்றன. 1951-இல் செய்தவை. பிரிஸ்டலுக்குப் பக்கத்து ஊரான பாத்தில் இருந்த ஸ்டோதர்ட் அண்ட் பிட் கம்பெனி வேலை. 1975-இல் அந்தத் துறைமுகத்தில் சரக்கு வேலை நின்றபோது பழைய இரும்புக்குப் போகவிருந்ததை ஊர்க்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது, சம்பளமில்லாத தொண்டர். என் கையைப் பார்த்தார். நகத்துக்கு அடியில் இருக்கும் கறுப்பு பென்ஷன் வாங்கினாலும் போகாது. ஒன்றும் கேட்காமல் ஏணியைக் காட்டினார்.

மேலே கூண்டுக்குள் எண்ணெய் வாடை. அவ்வளவுதான், எனக்கு ஊருக்கு வந்தமாதிரி ஆகிவிட்டது.

ஒன்று சொல்லவேண்டும். கிரேன் திரும்பி நிற்கும்போது ஒரு கிறீச் சத்தம். காய்ந்த பேரிங் என்று என் காது சொன்னது. கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவரும் ஏதோ நீளமாகச் சொன்னார். அந்த ஊர் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று நிற்கிறது, நீராவி கிரேன், 1878. வில்லியம் ஃபேர்பெர்ன் என்பவரின் காப்புரிமைப்படி செய்தது. ரிவெட் அடித்த தகடுகளால் ஆன வளைந்த கழுத்து, கொக்கு மீன் பார்ப்பதைப்போல. 35 டன் தூக்கும். நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினை அப்படியே குழந்தையைப்போல் தூக்கி வைத்துவிடும். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், மழை, கரண்டு போகப்போகிறது.

நவம்பர் 3, காலை 7.10

திருத்தம். ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவர் விடியற்காலை போனில் பிடித்துவிட்டார். "எக்ஸ் கிளாஸ் எத்தனை டன்னு மறந்துபோச்சா, இல்ல பிரிஸ்டல்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

அவர் சொன்னது சரி. எஞ்சின் ஐம்பது டன்னை நெருங்கும். 35 டன் கிரேன் அதைத் தூக்காது. தூக்கினால் கிரேன்தான் தண்ணீருக்குள் போகும்.

ஆனால் இந்தத் தப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. நம் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் ஊரில் செய்தவை. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. கடலில்லாத நாட்டில் பிறந்து, கடலில்லாத மலைக்கு வந்து சேர்ந்த வண்டி. நடுவில் கடல். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் ஒரு கிரேன் தூக்கி ஏற்றியிருக்கிறது, இன்னொரு துறைமுகத்தில் இன்னொன்று இறக்கியிருக்கிறது. முப்பத்துநாலு வருடம் அந்த வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட இது தோன்றவில்லை. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே அதற்கு ஒரு கதை உண்டு என்றே நினைத்ததில்லை.

நவம்பர் 3, மாலை 6

மழையில் கல்லாறுக்கு மேலே வண்டி ரத்தாம். நமக்கு நேரம் இருக்கிறது, எழுதலாம்.

எம் ஷெட்டிலிருந்து பத்து பதினைந்து நிமிடம் கரையோரமாக நடந்தால் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பல். இதற்கு டிக்கெட் உண்டு. ஒரு ஆளுக்கு இருபது பவுண்டுக்கு மேல், நம் பணத்துக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், சாப்பாடு இறங்காது. ஒரே டிக்கெட்டில் ஒரு வருடத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். மூன்று மாதம் இருக்கப்போகிற உங்களுக்கு அது லாபம்.

இசாம்பர்ட் புரூனெல் என்ற என்ஜினியர் கட்டியது. 1843 ஜூலை 19 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். 98 மீட்டர் நீளம், முழுக்க இரும்பு. புரொப்பெல்லர் வைத்த முதல் கப்பல் இதுதான்.

நான் நேராக எஞ்சினைப் பார்க்கப் போனேன். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் வாயும் 88 அங்குலம். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 18 சுற்று, புரொப்பெல்லருக்கு அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். புரூனெல் நடுவில் சங்கிலி போட்டுவிட்டார். ஆமாம், பெரிய சக்கரத்திலிருந்து சின்ன சக்கரத்துக்குச் சங்கிலி. சைக்கிள் கதைதான், என்ன, சங்கிலி ஆளைவிடப் பெரிசு.

அந்த எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கிட்டப்போய் மூக்கை நீட்டினேன். வாடையே இல்லை. அப்புறம் பலகையைப் படித்தால், பழைய எஞ்சின் எப்போதோ போய்விட்டது, இது மாதிரி வடிவம், மின்சார மோட்டார் வைத்துச் சுற்றுகிறார்களாம்.

மேல்தட்டுக் கீழ்த்தட்டு அறைகளில் வாடைகளையும் செயற்கையாக விடுகிறார்கள். ரொட்டி வாடை, அப்புறம் பயணிகள் வாந்தி எடுத்த வாடை. குன்னூர் காட் ரோட்டில் சர்க்கார் பஸ்ஸில் போய் வருகிறவனுக்கு அதற்கு இருபது பவுண்டு ஏன் என்று வீட்டம்மா கேட்டாள். வாந்திக்கு வாடை வைத்தவர்கள் எஞ்சினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வாடை வைத்திருக்கலாம்.

என் கட்சி இதுதான்: ஓடாத எஞ்சின் பிணம். பெயிண்ட் அடித்த பிணம், அவ்வளவுதான். ஷெட் வாசலிலும் ஸ்டேஷன் வாசலிலும் ஓய்வு பெற்ற எஞ்சினைப் பீடத்தில் ஏற்றி வைத்து ஜனவரிக்கு ஜனவரி பெயிண்ட் அடிப்பார்களே, அதை நான் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டுதான் போவேன்.

நவம்பர் 4

இன்னொரு திருத்தம். புரொப்பெல்லர் வைத்த முதல் கப்பல் ஆர்க்கிமிடீஸ், 1839. அதைப் பார்த்துவிட்டுத்தான் புரூனெல் தன் கப்பலுக்கு பக்கச் சக்கரத்தை விட்டுப் புரொப்பெல்லருக்கு மாறினார். இரும்பு உடம்பு, புரொப்பெல்லர் இரண்டும் சேர்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் கப்பல் என்று சொன்னால் சரி, அது 1845-இல். லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு 14 நாள்.

திருத்தியவர் வெலிங்டன்காரர், பட்டாளத்தில் இருந்தவர். "ஃபிட்டர்கள் எல்லாம் இப்படித்தான், நட்டு சரியாக இருக்கும், வருடம் தப்பாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். வாங்கிக்கொள்கிறேன்.

நவம்பர் 5, இரவு

பிணம் என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கப்பலுக்கு அடியில் போன கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்தக் கப்பல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1846-இல் அயர்லாந்துக் கரையில் தரைதட்டி ஒரு வருடம் கிடந்தது. பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றியது. 1857 கலகத்தின்போது நம் நாட்டுக்கே பட்டாளத்தை ஏற்றி வந்தது. கடைசியில் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பாய்க்கப்பலாக்கி நிலக்கரி ஏற்றினார்கள். 1886-இல் தென் அமெரிக்க முனையில் புயலில் அடிபட்டு ஃபாக்லாந்து தீவில் ஒதுங்கியது. அங்கே கம்பளியும் கரியும் போட்டுவைக்கும் கிடங்காக இருந்து, 1937-இல் ஒரு கரையோரம் கொண்டுபோய் ஓட்டைபோட்டு உட்காரவைத்து விட்டுவிட்டார்கள். 1970-இல் போய்த் தூக்கினார்கள். பக்கத்தில் பெரிய விரிசல். அதை அடைக்க என்ன வைத்தார்கள் தெரியுமா? மெத்தை. தீவுக்காரர்கள் வீட்டு மெத்தை. பிறகு மிதவை ஒன்றின் மேல் ஏற்றிக் கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர் இழுத்துவந்தார்கள். எந்தக் குழியில், அதாவது தண்ணீரை வடித்துக் கப்பல் கட்டும் துறையில், கட்டினார்களோ அதே குழிக்குள் 1970 ஜூலை 19 அன்று கொண்டுவந்து வைத்தார்கள். தேதியைப் பாருங்கள்.

அந்தக் குழிக்கு மேல் இப்போது கண்ணாடித் தட்டு. கண்ணாடி மேல் ஒரு விரல் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கப்பல் கடலில் மிதப்பதுபோல் இருக்கும். படி இறங்கிக் கீழே போனால் தலைக்கு மேல் தண்ணீர் நெளிகிறது, முன்னால் கப்பலின் அடிவயிறு. துரு. சும்மா துரு இல்லை, சல்லடை. கைவிரல் நுழையும் ஓட்டைகள். உப்பு இரும்புக்குள்ளேயே ஊறிவிட்டது, காற்றில் ஈரம் இருக்கிறவரை அது தின்றுகொண்டே இருக்கும், பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. அதனால் குழிக்குள் காற்றை உலர்த்தி ஊதுகிறார்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டால் துரு நின்றுவிடுமாம். 2005 முதல் அந்த எந்திரம் ஓடுகிறது.

20 சதவீதம்! நம் ஊரில் இன்றைக்கு உப்பு டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள், உப்பு விழாது. செருப்பில் பச்சை பூக்கிறது.

வீட்டம்மா அங்கே கீழே நின்று காற்று வரும் குழாயைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம அலமாரி பல்புங்க இது."

அதேதான். மலையில் பட்டுச்சேலை வைத்திருக்கிற வீடுகளில் அலமாரிக்குள் 40 வாட் பல்பு எரியும். எல்.இ.டி. வந்தபிறகு சூடு தரும் பழைய பல்பு கிடைக்காமல் நாங்கள் குன்னூர் மவுண்ட் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறோம். சேலையைக் கட்டிக்கொண்டு போவது வருடத்துக்கு ஒருநாள். பல்பு எரிவது 365 நாள். அந்தக் கப்பலும் எங்கும் போகாது, ஆனால் எந்திரம் நின்றால் போய்விடும்.

அதனால் பிணம் என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முழுசாக இல்லை. பாதி.

நவம்பர் 6

கேத்தியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார், "அந்த ஊர்த் துறைமுகத்துக்கு மிதக்கும் துறைமுகம் என்று பெயராமே, துறைமுகம் எப்படி மிதக்கும்?"

துறைமுகம் மிதக்காது தங்கச்சி, கப்பல்தான் மிதக்கும். அதுவும் முன்பெல்லாம் மிதக்காது. அந்தப் பக்கத்துக் கடலில் ஏற்ற இறக்கம் உலகத்திலேயே பெரிய கணக்குகளில் ஒன்று. ஆற்றின் முகத்தில் பன்னிரண்டு மீட்டருக்கு மேல், நாலு மாடி உயரம். கடல் வற்றினால் ஆறு வெறும் சேறு. கப்பல்கள் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். முதுகு உடையும், சரக்கு உருளும். வில்லியம் ஜெஸ்ஸப் என்ற என்ஜினியர் 1809-இல் ஆற்றை வேறு வழிக்கு வெட்டிவிட்டு, பழைய ஆற்றுக்கு இருபுறமும் மதகு போட்டுத் தண்ணீரை உள்ளேயே பூட்டிவிட்டார். அன்றிலிருந்து கப்பல் எந்நேரமும் மிதக்கிறது. அதனால் அந்தப் பெயர்.

நான் போன அன்று பூட்டின தண்ணீரில் அன்னம் நீந்திக்கொண்டிருந்தது. மதகுக்கு அந்தப்பக்கம் எட்டிப்பார்த்தால் பாதாளத்தில் பழுப்புச் சேறு. ஒரே சுவர்தான் நடுவில்.

இந்த மதகுகளையும் பாலங்களையும் திருப்பியது மின்சாரமோ நீராவியோ இல்லை, தண்ணீர். அண்டர்ஃபால் யார்டு என்ற இடத்தில் 1887-இல் கட்டிய பம்பு வீடு இருக்கிறது. பம்பு தண்ணீரை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தம் ஒரு பெரிய எடையைத் தூக்கி நிறுத்தும், எடை கீழே இறங்கப் பார்க்கும், அந்தத் தள்ளல் குழாய் வழியாகத் துறைமுகம் முழுக்கப் போகும். கரண்டுக்கு பேட்டரி எப்படியோ அப்படி. நம் பைக்காராவில் தண்ணீர் மலையிலிருந்து விழுந்து 1932 முதல் மின்சாரம் தருகிறது. அவர்களுக்கு மலை இல்லை, எடையை வைத்து மலையைச் செய்துகொண்டார்கள். எனக்கு அந்த இடம் கப்பலைவிடப் பிடித்தது. எழுதி விளக்கினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், இதோடு விடுகிறேன்.

நவம்பர் 8

கூடலூர் நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார். "கப்பல் பார்க்க இங்கிலாந்து எதற்கு? எங்கள் ஊர் மழைத்தண்ணீர் பாண்டியாறு, புன்னம்புழா வழியாகச் சாலியாற்றில் விழுந்து பேப்பூரில் கடலில் சேர்கிறது. அங்கே போங்கள். உரு என்ற பெரிய கப்பல் கட்டுகிறார்கள், மரத்தில், இன்றைக்கும்."

ஒப்புக்கொள்கிறேன். பேப்பூர் கலாசிகளை, கயிறு கட்டிக் கப்பலை இழுக்கும் அந்தத் தொழிலாளர்களை, எங்கள் ரயில்வேயில் தெரியாதவர்கள் இல்லை. 2001-இல் கடலுண்டி ஆற்றில் சென்னை மெயில் விழுந்தபோது பெட்டிகளை மேலே கொண்டுவந்ததில் அவர்கள் கை உண்டு. கயிறு, கப்பி, மரச் சுழல்தூண், ஏலேலோ பாட்டு. 35 டன் கிரேனுக்கு ஃபேர்பெர்ன் போட்ட கணக்கை இவர்கள் தோளிலும் தொண்டையிலும் போடுகிறார்கள். கணக்கு ஒன்றுதான்: எடை எந்தப்பக்கம் விழப்பார்க்கும், எங்கே கால் ஊன்றினால் விழாது. ஃபேர்பெர்ன் கிரேனின் கால் தரைக்கு அடியில் ஆழமாகக் குழிக்குள் இறங்கியிருக்கும், அதனால்தான் பின்னால் எடை கட்டாமல் அப்படி முன்னால் குனிந்து நிற்கிறது. மரத்துக்கு வேர்போல.

மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி என்று ஒரு போர்க்கப்பல், 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டியது. மலபார் தேக்கு. இன்னமும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் ஊரில் தண்ணீரில் மிதக்கிறது. அவ்வளவு தூரம் நான் போகவில்லை, படித்ததுதான். கப்பலுக்கென்று மலபார்த் தேக்கை வெட்டி வெட்டித் தீர்த்த பிறகுதான் நிலம்பூரில் 1840-களில் தேக்கை நட்டு வளர்க்கவே ஆரம்பித்தார்கள். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர். ஆக மலைக்காரனுக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று கேள்வி கேட்டவர் சொன்னதை நானும் முதல் நாள் தலையாட்டி ஏற்றுக்கொண்டது தப்பு.

நவம்பர் 9

கோத்தகிரியிலிருந்து: "தேயிலையை விட்டுவிட்டீர்களே."

விடவில்லை, வந்துகொண்டிருந்தேன். என் மாமனார் தேயிலை ஃபேக்டரியில் பெட்டி அடிக்கிறவர். ஒட்டுப்பலகைப் பெட்டி, மூலைக்குத் தகரப்பட்டை, உள்ளே வெள்ளித்தாள். பக்கத்தில் எண்ணும் எழுத்தும் அச்சடித்துத் தட்டு வைத்து மசி பூசுவார். "கொச்சின்" என்று ஆங்கிலத்தில் எழுதிய அந்தத் தட்டு ஒன்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் இருந்தது, கோழிக்கூண்டுக்குக் கதவாக. அப்புறம் சாக்கு வந்தது, காகிதப் பை வந்தது, பெட்டிகள் எல்லாம் வீடு மாற்றும்போது பாத்திரம் கட்டத்தான் ஆயின.

எம் ஷெட்டுக்குள் (கடைசியில் மூன்றாம் நாள் உள்ளே போனேன்) மாமனார் நினைவுதான் வந்தது. சரக்கு ஏற்றி இறக்கின ஆட்களின் கைக்கொக்கி, தள்ளுவண்டி எல்லாம் அங்கே மரியாதையாக இருக்கிறது. அவர் சுத்தியல் எங்கே போனதென்று எங்களுக்கே தெரியாது.

கொச்சித் துறைமுகத்தைக் கட்டின என்ஜினியர் பெயர் ராபர்ட் பிரிஸ்டோ. பிரிஸ்டலுக்கும் பிரிஸ்டோவுக்கும் உறவா என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். எழுத்துதான் உறவு. 1920-இல் வந்து, வாயில் அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் உள்ளே வந்தது. நம் மலைத் தேயிலைக்குக் கடல்வாசல் அப்படித் திறந்தது. குன்னூரில் ஏலம் ஆரம்பித்தது 1963-இல். ஏலத்தில் சுத்தியல் தட்டினால் கொச்சியில் கிரேன் அசையும் என்பார் மாமனார். சுத்தியல் என்றாலே அவருக்குப் பெருமை.

நவம்பர் 9, கொஞ்ச நேரம் கழித்து

கோழிக்கூண்டுக் கதவாக இருந்தது தட்டு இல்லையாம், பெட்டியின் பக்கவாட்டுப் பலகையாம். வீட்டம்மா படித்துவிட்டுத் திருத்தச் சொன்னாள். அவள் அப்பா அந்தத் தட்டைக் கோழிக்குக் கொடுத்திருக்கமாட்டாராம்.

நவம்பர் 11

வெலிங்டன்காரர் ஒரு கேள்வி போட்டார், அது என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. "தமிழனுடைய கப்பல் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?"

வ.உ.சி. 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைத் தாறுமாறாகக் குறைத்துப் பார்த்தது. 1908-இல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1912 கடைசியில் வெளியே வரும்போது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

அவரை அடைத்த சிறைகளில் ஒன்று நமக்குக் கீழேயே, கோவையில். அங்கே மாட்டுக்குப் பதில் அவரைப் பூட்டிச் செக்கு இழுக்கவைத்தார்கள். அந்தச் செக்கு இருக்கிறது. சென்னையில் கிண்டி காந்தி மண்டபத்தில் ஒரு செக்கு, கோவைச் சிறையில் ஒரு செக்கு என்று நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். கிண்டியில் நான் பார்த்திருக்கிறேன், பையன் படிக்கும்போது.

கப்பல் போய்விட்டது, செக்கு இருக்கிறது. நம் கப்பல் வரலாற்றில் நமக்கு மிச்சமான எந்திரம் அது ஒன்றுதான்.

ஓடாத எந்திரம் பிணம் என்று மூன்றாம் தேதி எழுதினேன், ஐந்தாம் தேதி பாதி வாங்கிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்தச் செக்கு ஓடவேண்டும் என்று எவனாவது சொல்வானா? அதற்கு எண்ணெய் வாடை எதற்கு? அது நிற்கிறதே, அதுதான் அதன் வேலை. மீதிப் பாதியையும் வாங்கிக்கொண்டேன். பீடத்து எஞ்சினைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகாது. அது கட்சி இல்லை, கழுத்து.

நவம்பர் 12

நேற்றைய குறிப்புக்கு ஒட்டு. எம் ஷெட்டுக்குள் ஒரு வெண்கலச் சிலையைப் படுக்கவைத்திருக்கிறார்கள். எட்வர்ட் கோல்ஸ்டன், அடிமை வியாபாரத்தில் பணம் பார்த்தவர், ஊருக்குத் தருமம் செய்தார் என்று 1895-இல் வைத்த சிலை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு போட்டுச் சாய்த்து உருட்டிக்கொண்டுபோய் அதே துறைமுகத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. வெளியே எடுத்தவர்கள் பூசின பெயிண்ட்டைக்கூட அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். நிமிர்த்தவும் இல்லை. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், நேரம் ஒதுக்கி.

நவம்பர் 15

அரவங்காட்டுத் தம்பிக்கு, கேட்ட கேள்விக்கே வருகிறேன்.

திங்கட்கிழமை எம் ஷெட் மூடியிருக்கும். கிரேன் என்றைக்கு ஓடும் என்று மருமகனை முதலிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள், தொண்டர்கள் வரும் நாளில் மட்டும்தான் ஓடும். ஜனவரியில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் தண்ணீர் ஓரக் காற்று நம் காற்றைப்போல் இல்லை, காதுக்குள் புகும், மஃப்ளர் போதாது, மங்கி குல்லா எடுத்துப்போங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். ஊர் பள்ளமும் மேடும்தான், சரிவில் வரிசையாகக் கலர் கலராக வீடுகள், நம் குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து மவுண்ட் ரோட்டைப் பார்த்தமாதிரி இருக்கும். பழகின கால் சோராது.

கரையில் மேஃபிளவர் என்று ஒரு குட்டி இழுவைக்கப்பல் கட்டியிருந்தால் தவறவிடாதீர்கள். 1861-இல் அந்த ஊரிலேயே செய்தது, நீராவி. மூழ்கிக்கிடந்ததைத் தூக்கிச் சரிசெய்தார்கள். நம் எஞ்சினைவிட வயதில் மூத்தது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், நான் கும்பிட்டேன்.

போகமுடியாதவர்களுக்கு: ஃபோர்ட் கொச்சியில் கடற்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலை மணலில் ஏற்றிவைத்திருக்கிறார்கள், உள்ளே குனிந்து குனிந்து நடக்கலாம். பல்சக்கரத்துக்கு அடியில் தவழ்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது பூங்கா.

நவம்பர் 19

கல்லாறு வழி சரியாகிவிட்டது, இன்று காலை வண்டி மேலே வந்தது. வீட்டிலிருந்தே ஊதல் கேட்டேன்.

மகளிடம் நச்சரித்ததில், ஞாயிற்றுக்கிழமை கிரேன் ஓடும்போது போய் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெரியவரிடமே கேட்டும் விட்டாள். நான் பேரிங் என்று சொன்ன கிறீச், பேரிங் இல்லையாம். சுழற்சியை நிறுத்தப் போடும் பிரேக்காம். போன வருடமே என்னிடம் அதைத்தான் விளக்கினாராம், நான் தலையாட்டினேனாம்.

வீடியோவை ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். கிரேன் திரும்பும்போது சத்தமில்லை. நிற்கப்போகும்போதுதான் வருகிறது. பிரேக்தான்.

ஷெட் நண்பருக்கும் அனுப்பினேன். ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: "பிரேக்தான். ஆனா பேரிங்லயும் லேசா இருக்கு."